ஊருணி என்று எழுதப்பட்ட வயல்

மழை மூன்றாவது வருடமாகவும் நரியனேந்தலை எட்டிப் பார்க்காமல் போன அந்த மார்கழியில், புரட்டாசிப் புழுதியில் விதைத்த நெல்லெல்லாம் முழங்கால் உயரம்கூட வராமல் நின்ற நிலையிலேயே சருகாகி, மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன நாட்களில், இருளாயியின் வயல் மட்டும் பச்சையாக இருந்தது. கண்மாயில் தண்ணீர் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, குடிப்பதற்கே லாரி வரவேண்டும் என்கிற ஊரில், அவளுடைய அந்த முக்கால் ஏக்கரில் மட்டும் பயிர் தூர் கட்டி, பொதி தள்ளி, பால் பிடித்து, கதிர் தலை சாய்த்து நின்றது. அவள் வயல் மண்ணும் மற்ற வயல்களைப் போலவே வெடித்துத்தான் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் அடுப்புச் சாம்பலைப் போலச் சுட்டது, அந்தச் சூட்டுக்குள்ளிருந்துதான் பயிர் வந்திருந்தது.

ஏன் என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அடியில் ஊற்று ஓடுகிறது என்றார் ஒருவர். இருளாயி வேலை செய்யும்போது வாய் ஓயாமல் பயிரோடு பேசுவாள், அதனால்தான் என்றார் இன்னொருவர். இரண்டு நாள் பேசினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். லாரித் தண்ணீர் இன்றைக்கு வருமா வராதா என்பதுதான் அங்கே பெரிய பேச்சாக இருந்தது.

இருளாயிக்கு ஐம்பதை நெருங்கிய வயது, பிள்ளை கிடையாது, புருசன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த வயலை அவள்தான் உழவு ஓட்டச் சொல்லி, அவள்தான் விதைத்து, களை பறித்து, அறுத்து வந்தாள். ஆனால் பட்டா இன்னும் அவள் புருசனுடைய தாத்தா பெரியகருப்பன் பேரில்தான் இருந்தது. செத்து எத்தனையோ காலமான அந்த மனுசன்தான் அரசாங்கக் கணக்கில் இன்னும் உழுதுகொண்டிருந்தார். வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் ஊரில் ஆளாளுக்கு நிவாரணம் வரும், இருளாயிக்கு வராது, ஏனென்றால் பெரியகருப்பனுக்குத்தான் நஷ்டம், அவருக்கோ பேங்கில் கணக்கு இல்லை. பேர் மாற்றச் சொல்லி அவள் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். தன் வயலுக்குப் பக்கத்தில் தன் பேர் ஏறவேண்டும், சாகிறதுக்குள் அதைப் பார்த்துவிட வேண்டும், உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தை பிறந்ததும் அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். கிழக்கு வரப்பிலிருந்து அறுத்துக்கொண்டு மேற்கு வரப்புக்குப் போய் நிமிர்ந்து பார்த்தால், அறுத்த தாளெல்லாம் மறுபடி வளர்ந்து கதிரோடு நின்றது. திரும்பவும் அறுத்தாள், திரும்பவும் நின்றது. இருளாயிக்குச் சந்தோசம் வரவில்லை, இடுப்புவலிதான் வந்தது. முடிவில்லாத அறுப்பை எந்தச் சம்சாரிதான் விரும்புவான்? வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைத் திட்டினாள். பிறகு தன்னோடு களையெடுக்க வரும் சேக்காளி செல்லத்தைக் கூப்பிட்டாள்.

"ஏத்தா செல்லம், நம்ம தெருவுல சொல்லு. ஆளுக்கொரு கட்டு அறுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. என் ஒருத்தியால மல்லுக்கட்ட முடியல."

அப்படித்தான் நரியனேந்தல் முழுக்க இருளாயி வயலில் அறுத்துத் தின்ன ஆரம்பித்தது. முதலில் கூச்சத்தோடு வந்தார்கள், எலுமிச்சம்பழமும் குங்குமமும் கொண்டுவந்து வரப்பில் வைத்துக் கும்பிட்டுவிட்டு அறுத்தார்கள். பிறகு எலுமிச்சம்பழம் குறைந்தது, கும்பிடுவது குறைந்தது, தெருவுக்கு ஒரு கிழமை என்று முறை வைத்தார்கள், முறை தவறி அறுத்ததற்காகச் சண்டை போட்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள், வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்தபோது வரப்போரம் ஒரு டீக்கடை முளைத்தது, கல்யாணம் தள்ளிப் போட்டவர்கள் பந்திக்கு அரிசி ஆச்சு என்று தேதி குறித்தார்கள், பயிரைக் கடித்த ஆடுகள் எல்லாம் இரட்டைக் குட்டி போட்டன, அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாசி வருவதற்குள், சோறு கொஞ்சம் குழைகிறது என்று குறை சொல்லும் அளவுக்கு ஊருக்கு அந்த அதிசயம் பழகிவிட்டது. இருளாயி யாரிடமும் ஒரு படி நெல் கூலியாகக்கூடக் கேட்கவில்லை.

ஆனால் வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா? நகைகள் பேங்கில் கிடந்தன. உரக்கடையில் பாக்கி நின்றது. பிள்ளைகளின் காலேஜ் பீசுக்கு நெல்லை அளந்து போட முடியாது. ஒரு தடவை டிராக்டரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அரசாங்கக் கொள்முதல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க ஊரு பூராம் சாவி, ஒரு மணிகூட வெளையலன்னு பதிவாயிருக்கு, சாவி போன ஊர்ல நெல்லு எங்கேருந்து வந்துச்சு, கடத்தலா?" என்று கேட்டார். அவர்கள் கையால் அள்ளிக் காட்டினார்கள், மென்று காட்டினார்கள், அவர் சாப்பாட்டு நேரம் என்று எழுந்து போய்விட்டார். காகிதம் இல்லாத நெல்லைத் தின்னலாம், விற்க முடியாது என்று தெரிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். அதற்குப் பிறகு ஊரே நிவாரணத்துக்குத்தான் காத்திருந்தது.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. ஒவ்வொரு வயலாகப் பார்த்து நஷ்டம் எழுத அதனிடம் ஆள் இல்லையாம், அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஊரில் ஏதாவது ஒரு வயலைக் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுக்கும். அந்த வயலில் அதிகாரிகள் வந்து நாலு முளை அடித்து, கயிறு கட்டி, கயிற்றுக்குள் இருக்கிற பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, தராசில் வைப்பார்கள். அதில் எவ்வளவு நெல் விழுகிறதோ அதுதான் ஊர் முழுக்க விளைந்த நெல். கொள்முதல் நிலையத்துக் கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் நிவாரணத்துக்குத் தராசு சொல்வதுதான் கணக்கு. அங்கே விளைந்தால் ஊரே விளைந்தது, அங்கே காய்ந்தால் ஊரே காய்ந்தது. சோற்றுப் பானையில் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பது மாதிரிதான், ஆனால் பானையில் கிடந்ததெல்லாம் வேகாத கல், ஒன்றே ஒன்றுதான் வெந்த சோறு. கம்ப்யூட்டர் அந்த ஒன்றைத்தான் எடுத்தது.

செய்தியைக் கொண்டுவந்தவர் வி.ஏ.ஓ. திலகராஜ். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே, "பெரியகருப்பன் வயல்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, தன் மேல் பழி இல்லை என்பதுபோலக் கையை விரித்தார். பஞ்சாயத்துத் தலைவர் மாரநாடு அப்படியே தன் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் இருளாயி புருசனுக்குப் பங்காளி, அவளை மதினி என்று கூப்பிடுகிறவர். நல்லவர்தான், அதுதான் பிரச்சினையே, கெட்டவராக இருந்திருந்தால் இருளாயி அவரை நம்பியிருக்க மாட்டாள்.

அன்றிலிருந்து ஊர் அந்த வயலைப் பார்த்த பார்வை மாறிப்போனது. நேற்றுவரை தின்றுவந்த நெல்லை அழிக்க ஊரே இறங்கியது. மாட்டை விட்டார்கள், மாடு தின்னத் தின்னப் பயிர் வளர்ந்தது. களைக்கொல்லியை டிரம் டிரம்மாக அடித்தார்கள், பயிர் கருகருவென்று ஆனது. தீ வைத்தார்கள், தீ வரப்போடு நின்று, டீக்கடைக் கூரையை மட்டும் எரித்துவிட்டு அணைந்தது. கடைசியில் எல்லோரும் இருளாயி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"மதினி, ஒங்க பேச்சத்தான அது கேக்கும். ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க" என்றார் மாரநாடு.

"எதுக்குய்யா கொல்லணுங்கிறீக? ஊரே உக்காந்து தின்னாலும் தீராதுல்ல?"

"சோத்துக்குச் சரி மதினி. எம் மக நகைய ஏலம் விடப் போறேன்னு பேங்குக்காரன் கடுதாசி போட்டுட்டான். அவன்கிட்டப் போயி நெல்ல அளக்க முடியுமா?"

இருளாயி வாசலை விட்டு இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள், ஊர் அவள் பின்னால் நடந்தது. வரப்பில் நின்று அவள் பயிரைப் பார்த்து, பெற்ற பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "ஏஞ்சாமி, ஒரு வருசம் காஞ்சு போயிரு. எனக்காகக் காஞ்சு போயிரு. ஊரு கஷ்டப்படுது பாரு. அடுத்த வருசம் வா, நான் எங்கேயும் போயிர மாட்டேன்." பயிர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, காற்று இல்லாமலே அவள் பக்கம் சாய்ந்தது. ஆனால் காயவில்லை, இன்னும் கொஞ்சம் மணி பிடித்தது. ஊர் அவளைத்தான் முறைத்துவிட்டுக் கலைந்தது.

வழி கண்டுபிடித்தவர் திலகராஜ். விளைகிற நிலமாக இருந்தால்தானே அறுத்துப் பார்ப்பார்கள், நீர்நிலையில் யார் முளை அடிப்பார்கள், அந்த வயலை ஊருணி என்று எழுதிவிட்டால் கம்ப்யூட்டர் தானாக வேறு வயலை எடுக்கும் என்றார். இருளாயி சம்மதிக்க வேண்டும், நிலத்தை அனுபவித்து வருபவள் அவள்தான், அவள் ஆட்சேபனை போட்டால் வம்பு. வேட்டி கட்டியவர்கள் எல்லாம் அவள் வீட்டில் தரையில் உட்கார்ந்தார்கள்.

"இந்த ஒரு போகம்தான் மதினி. நிவாரணம் வந்து எறங்குன மறுநாளே திரும்ப வயலுன்னு எழுதிருவோம். எழுதும்போது பெரியகருப்பன் பேர எடுத்துட்டு ஒங்க பேரப் போட்டுருவோம். ஆகுற செலவு ஊரோடது. கவர்மெண்டுல ஒங்க பேர ஏத்தி வைக்கிறது எம் பொறுப்பு."

"நெசமாவா தம்பி?"

"வாங்க, கருப்பன் முன்னால சூடம் அணைக்கிறேன்."

அந்தப் பக்கத்தில் சூடம் அணைத்துச் சொன்ன சத்தியத்தை மீறியவன் உருப்பட மாட்டான் என்பார்கள். மாரநாடு கருப்பசாமி கோவில் வாசலில் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். இருளாயி போய்க் கைநாட்டு வைத்தாள். வயல் ஊருணி ஆனது.

கம்ப்யூட்டர் அடுத்ததாக எடுத்தது மாரநாடு வயலையே. முளை அடித்துக் கயிறு கட்டினார்கள், உள்ளே தராசில் வைக்க ஒன்றுமே இல்லை, ஊரே திருவிழாவைப்போலச் சுற்றி நின்று பார்த்தது. வந்திருந்த அதிகாரி தூரத்தில் பச்சையாகத் தெரிந்ததைக் காட்டி அது என்ன என்று கேட்டார். "ஊருணி சார், பாசி படர்ந்திருக்கு" என்றார் திலகராஜ். பாசிக்கு நடுவில் ஒரு பொம்பளை இடுப்பளவு கதிரில் நின்று குருவி விரட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரி சரி சரி என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

நிவாரணம் வந்தது. நரியனேந்தலில் ஒரே நாளில் எல்லா வீட்டிலும் போன் கிணுகிணுத்தது, நகைகள் பேங்கிலிருந்து திரும்பின, உரக்கடைக்காரர் சிரித்தார், மாரநாடு கருப்பசாமிக்குக் கிடா வெட்டினார், அந்தக் கிடாவுக்குச் சோறு இருளாயி வயல் அரிசி. இருளாயி போன் மட்டும் சும்மா கிடந்தது. பெரியகருப்பனுக்கு இந்த முறை நஷ்டம்கூட இல்லை, அவர் உழுததே ஊருணியில்.

"தம்பி, எம் பேர எப்ப ஏத்துறீக?" என்று அவள் பங்குனியில் கேட்டாள், சித்திரையில் கேட்டாள், வைகாசியில் மாரநாடு அவளைக் கண்டால் வேறு சந்துக்குள் திரும்பும் அளவுக்குக் கேட்டாள். முதலில் திலகராஜ் லீவு, அப்புறம் சர்வர் கோளாறு, அப்புறம் ஜமாபந்தி முடியட்டும். அவர்கள் ஏமாற்றவேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போட்டதாக நான் சொல்லமாட்டேன். அவ்வளவு மெனக்கெடும் ஆட்கள் இல்லை அவர்கள். வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனியில் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. மாவட்டத்தில் காணாமல் போன நீர்நிலைகளை எல்லாம் கண்டுபிடித்து, ஆக்கிரமிப்பை அகற்றி, நூறு நாள் வேலையில் ஆள் விட்டுத் தூர் வார வேண்டும். கம்ப்யூட்டரைத் தட்டினார்கள், நரியனேந்தலில் ஒரு ஊருணி, அதை ஆக்கிரமித்து நெல் பயிரிட்டிருப்பவர் இருளாயி. தாசில்தார் அம்மா நேரில் விசாரணைக்கு வந்தார். நியாயமான பெண்மணி, நாற்காலியை வரப்பிலேயே போடச் சொன்னார், எல்லோரையும் தனித்தனியாகக் கேட்டார்.

"இது வயலா, ஊருணியா? வயல்னா பயமில்லாம சொல்லுங்க. ஆனா வயல ஊருணின்னு காட்டி நிவாரணம் வாங்குனதா ஆகும். வாங்குன பணத்த வட்டியோட கட்டணும், அத நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். மேலத்தெருக்காரர், ஊருணிதான், நான் நீச்சல் பழகியதே இதில்தான் என்றார். கீழத்தெருக்காரர், என் தலைமகனுக்கு முதல் தண்ணீர் ஊற்ற இங்கேயிருந்துதான் மொண்டோம் என்றார். டீக்கடைக்காரர், இதில் அல்லி பூக்கும், சிவப்பல்லி என்றார். வாத்தியார் இதற்கு நாலு பக்கமும் படித்துறை இருந்தது என்றார், ஒருத்தி தன் நாத்தனார் இதில்தான் விழுந்து செத்தாள் என்று சொல்லி நிஜமாகவே அழுதாள், அவளுக்கு நாத்தனாரே கிடையாது. சொல்லச் சொல்ல அவர்களுக்கே அது நினைவுக்கு வந்தது, ஒருவர் சொன்ன படித்துறையில் அடுத்தவர் துணி துவைத்தார், அவர் துவைத்த அழுக்கில் அடுத்தவர் கெண்டை பிடித்தார். எல்லோர் வயிற்றிலும் அன்று காலை தின்ற சோறு அந்த வயலுடையது. யாரும் கேட்கும் முன்னாலேயே மாரநாடு சூடத்தைக் கொளுத்தி, ஊருணிதான் என்று அடித்து அணைத்தார். பொய்ச் சத்தியத்துக்கு முடங்கிப் போயிருக்கவேண்டிய கை அது, ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்தக் கருப்பசாமி மேல்தான் கோபம்.

கடைசியாகச் செல்லம். இருளாயி அவள் முகத்தையே பார்த்தாள். செல்லம் மண்ணைப் பார்த்துக்கொண்டு, "ஊருணிதாம்மா" என்றாள். நிவாரணத்தில் அவள் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

"நீ என்னம்மா சொல்ற? ஊரே பொய் சொல்லுதா?" என்று தாசில்தார் அம்மா இருளாயியைக் கேட்டார்.

"நான் கைநாட்டு வச்சவதான் தாயி. நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் இருளாயி.

மறுவாரமே வேலை ஆரம்பித்தது. ஊர்ப் பெண்கள் எல்லாம் மண்வெட்டியும் கூடையுமாக வந்து இறங்கினார்கள். ஒரு வெட்டு வெட்டினால் அந்தக் குழியிலேயே பயிர் எழுந்தது, மண்ணைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தது, பறித்து எறிந்தால் எறிந்த கரையிலிருந்து இறங்கி வந்து முளைத்தது. சாயங்காலம் டேப்பை வைத்து அளந்தால் குழியே இல்லை. தோண்டிய அளவுக்குத்தான் கூலி என்பதால் ஒருத்திக்கும் கூலி ஏறவில்லை. நாள் போகப் போகப் பயிர் வெளுத்தது, முளைத்தால் பழைய உயரம் இல்லை, கதிரில் ரெண்டு மூன்று மணிதான், ஆனாலும் முளைத்தது. 

செல்லம்தான் வந்து இருளாயி வாசலில் நின்றாள். "ஏத்தா, என்னைய அடிச்சாலும் அடி. ஆனா ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ. எங்களால காணச் சகிக்கல."

இருளாயி போய்ப் பார்த்தாள். நாணல் அளவுக்கு மெலிந்து, வெட்டுப்பட்ட இடத்தில் பால் வடிந்து, அவளைக் கண்டதும் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் மேலா, தன் கைநாட்டின் மேலா, இப்படி விடாப்பிடியாக முளைத்துத் தொலைக்கிற அதன் மேலேயா என்று தெரியவில்லை. "இம்புட்டுப் பாடு ஒனக்கு எதுக்குடா?" என்று கேட்டாள். செல்லத்தின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினாள்.

"நீங்க தள்ளி நில்லுங்க. நானே வெட்டுறேன்."

கிழக்கு வரப்பிலிருந்து ஆரம்பித்தாள். அவள் வெட்டிய இடத்தில் முளைக்கவில்லை. ஒரு தூர்கூட முளைக்கவில்லை. அவள் அழுதுகொண்டே வெட்டினாள், பேசிக்கொண்டே வெட்டினாள், மேற்கு வரப்புக்குப் போய்த் திரும்பிப் பார்க்காமல் மறுபடி கிழக்கே வந்து இன்னும் ஆழமாக வெட்டினாள். மற்றப் பெண்கள் கூடையில் மண்ணை அள்ளிக் கரையில் கொட்டினார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்தவன் டேப்பை வைத்து அளந்து, இப்போதுதான் வேலை வேலையாக நடக்கிறது என்றான். வயல் முழுக்கக் குழியாகும்வரை அவள் ஒரு நாளும் விடாமல் வேலைக்கு வந்தாள்.

ஆவணியில் இருளாயியின் போன் கிணுகிணுத்தது. மளிகைக்கடையில் அரிசி வாங்க நின்றிருந்தாள், பிறந்ததிலிருந்து அவள் கடையில் அரிசி வாங்கியதில்லை. போனைச் செல்லத்திடம் நீட்டினாள்.

"ஒனக்குக் கூலி ஏறியிருக்குத்தா. இருளாயின்னே போட்டு வந்திருக்கு" என்றாள் செல்லம்.

அது நிவாரணம் இல்லை. தன் வயலைத் தோண்டி எடுத்ததற்குக் கூலி. அரசாங்கம் அவள் பேருக்கு அனுப்பிய முதல் பணம்.

பீடி வாங்க வந்த மாரநாடு அதைக் கேட்டார். அவர் முகத்தில் வந்த சந்தோசம் பொய்யில்லை, நான் அதைத்தான் சொல்ல வந்தேன், கொஞ்சம்கூடப் பொய்யில்லை. நாலு பேர் கேட்கச் சத்தமாகவே சொன்னார்.

"பாத்தீங்களா மதினி, கவர்மெண்டுல ஒங்க பேர் ஏறிருச்சு. நான் சூடம் அணைச்சுச் சொன்ன சொல்லு வீண் போகல."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இருளாயி அரிசிப் பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்த அரிசியில் நிறையக் கல் கிடந்தது, பொழுது சாயும்வரை உட்கார்ந்து பொறுக்கினாள்.